மொத்த விலைக்குப் படித்தவர்கள்

கல்விக்குப் பணம் கொடுத்தவர்களை எல்லாம் ஓரிடத்தில் நிறுத்தி, அவர்களில் கல்வி என்றால் என்னவென்றே தெரியாதவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் பதுளை மொத்தக்கடையார் மற்றவர்களைக் கிட்டவே நெருங்க விடமாட்டார். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். கடைவீதியில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து இலங்கைக்குக் கப்பலேறி வந்து, தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசியை மூட்டை மூட்டையாக விற்றவர். நெற்றி நிறையத் திருநீறு. தொப்பையின் மேல் ஒரு தங்கச் சங்கிலி. கக்கத்தில் எந்நேரமும் ஒரு குடை. பதுளை மழையில் தொப்பலாக நனைந்தபடி அந்தக் குடையோடு நடப்பார். விரித்தால் தேய்ந்துவிடுமாம்.

ஜெர்மன் சண்டைக்கு முந்திய காலம் அது. ஊரில் கத்தோலிக்கச் சாமிமார் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே, அதனால் கட்டணம் உண்டு. குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிதில்லை. தெமோதரைத் தோட்டத்தில் கூலிகளுக்குக் கட்டிவிட்ட லயத்து வரிசை வீட்டில் குடியிருந்து, கொழுந்து பறித்துப் பிழைத்த எங்கள் வீட்டுக்கு அது ஆகிற காரியமில்லை.

பள்ளிக்கூடத்துப் பெரிய சாமியார் வெள்ளைக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். தோட்டத்துப் பிள்ளைகள் வாசலோடு திரும்பிப் போவதைப் பார்க்கச் சகியாமல், ஆளுக்கு ஒரு பையனின் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைவீதியின் தாராள மனசு அன்றைக்கு நன்றாகத் தெரிந்தது. ஜவுளிக்கடைக்காரருக்குத் திடீரென்று காது கேட்காமல் போயிற்று. நகைக்கடைக்காரர் குளிக்கப் போனவர் சாயங்காலம் வரைக்கும் குளித்தார். மொத்தக்கடையாரும் ஒளிந்துதான் இருப்பார். அந்த உடம்பை எந்த மூட்டைக்குப் பின்னால் மறைப்பது?

“மூணு பையனை மொத்தமா எடுத்துக்கிறேன் சாமி. எவ்வளவு கழிப்பீங்க?” என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் விலை கழிக்கும் வழக்கமில்லை என்று சாமியார் பொறுமையாக விளக்கினார்.

“அப்ப கொசுறா ஒரு பையனைச் சேத்துக்குங்க.”

கொசுறு என்ற சொல் சாமியார் படித்த புத்தகத்தில் இல்லை. கடைப்பையன் ஒருவன் பொருள் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்து, சரி என்று தலையாட்டினார். அந்தக் கொசுறு நான். மற்ற மூன்று பேருக்காவது ஒரு விலை இருந்தது.

வாங்கிய சரக்கைப் பார்க்காமல் விடுகிற ஆளா அவர்? வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார். அரிசி மூட்டையில் ஊசியைக் குத்தி, நாலு மணியை உள்ளங்கையில் உதிர்த்துப் பார்ப்பாரே, அதே முகத்தோடு எங்களை முற்றத்தில் நிறுத்துவார். முதலில் நெற்றியைப் பார்ப்பார். திருநீறு அழிந்திருந்தால் போச்சு. பக்கத்தில் நிற்கும் சாமியாரைக் கடைக்கண்ணால் பார்த்து, “கலப்படம் ஆயிடக் கூடாது” என்பார். சாமியார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது இங்கிலீஷ். அந்த மகானுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது. அதனால் வேகத்தை வைத்துத் தரம் பிரித்தார். மூச்சு விடாமல் பேசினால் முதல் தரம். நடுவில் யோசித்தால் நொய். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வெள்ளிக்கிழமை போதுமானதாக இருந்தது. ஒருவன் மாதங்களின் பெயர்களைக் கடகடவென்று ஒப்பித்தான். நான் ஒரு பிஸ்கட் டின்னின் மேல் அச்சடித்திருந்ததை மனப்பாடம் செய்தேன். ஈரமில்லாத இடத்தில் வை, திறந்ததும் மூடு, இத்தனை பிஸ்கட் உள்ளே இருக்கிறது என்று நான் பொழிந்து தள்ளியபோது, மொத்தக்கடையார் கண்ணை மூடிக்கொண்டு சங்கீதம் கேட்பதுபோலக் கேட்டார். ஓசியில் வந்தது இப்படி ஓடுகிறதே என்று அவருக்கு ஒரே பெருமை. எனக்கு அவரைக் கண்டாலே இளக்காரம்.

அந்த இளக்காரத்துக்கு ஒரு நாள் சோதனை வந்தது.

கொஸ்லந்தப் பக்கத்துப் பெரிய தோட்டம் ஒன்று மொத்தக்கடையாரிடம்தான் அரிசி வாங்கியது. வழக்கமாகத் தோட்டத்துக் கிளார்க் வந்து பேசிவிட்டுப் போவார். அவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த துரை தாமே குதிரையில் வந்து இறங்கினார். துரைக்குத் தெரிந்த தமிழ் நாலே வார்த்தை, நாலும் திட்டு. மொத்தக்கடையார் ஆளனுப்பி என்னை வகுப்பிலிருந்து கூட்டிவரச் செய்தார். கடைக்குள் கால் வைத்ததும், “துரைகிட்ட பேசுடா” என்றார்.

நான் பிஸ்கட் டின்னை ஒப்பித்தேன்.

துரை கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மொத்தக்கடையாரும் கூடவே சிரித்தார், சரக்கு பிடித்துவிட்டது என்று. சிரித்து முடித்த துரை, நான் யார் வீட்டுப் பிள்ளை என்று நிதானமாகக் கேட்டார். தெமோதரை லயம் என்றேன். அவர் முகம் மாறியது. கூலிக்காரன் பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு, இவனைத் தன் தோட்டத்துக்கு அனுப்பினால் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெயர் எழுத வைத்துக்கொள்வேன், பள்ளிக்கூடத்துக்கு அழுகிற காசும் மிச்சம் என்றார். இதை உன் முதலாளிக்குச் சொல் என்றார்.

பெயர் எழுதுகிற வேலை என்றால் அப்பா துள்ளிக் குதித்திருப்பார். மொத்தக்கடையாரோ பெரிய வாடிக்கையை விட மனசு வராதவர். சொன்னால் அன்றோடு என் படிப்பு முடிந்தது. மாற்றிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. உள்ளதை உள்ளபடி தமிழில் சொன்னேன்.

மொத்தக்கடையார் தொப்பைமேல் சங்கிலியை உருட்டினார்.

“துரைகிட்ட சொல்லு. அரிசி எவ்வளவு வேணும்னாலும் தர்றேன். பையனை விக்கிறதுக்கு வாங்கலைன்னு சொல்லு.”

இதற்கு எந்த டின்னிலும் வாசகம் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி, தடுக்கித் தடுக்கி, முதல்முறையாக நானாக ஒரு இங்கிலீஷ் வாக்கியம் பேசினேன். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று போய்க் குதிரை ஏறினார். அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தோட்டத்து அரிசி எதிர்க்கடையிலிருந்து போனது.

மொத்தக்கடையார் என் தோளைத் தட்டிக் கொடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் என்னை முறைத்தார்.

“ஏண்டா, ரெண்டு வார்த்தை சொல்ல இவ்வளவு நேரமா? போன வெள்ளிக்கிழமை அப்படி ஓடுச்சு, இன்னிக்கு ஏன் நொண்டுது?”

பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சாமியாரிடம் முறையிட்டார். “இவன் இன்றைக்குத்தான் ஆங்கிலம் பேசத் தொடங்கியிருக்கிறான்” என்று சாமியார் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஓசியில் வாங்கினால் தரம் இப்படித்தான் இருக்கும், காசு கொடுத்தால்தானே தட்டிக் கேட்க முடியும் என்று சொல்லி, என் கட்டணத்தையும் அன்றைக்கே கட்டிவிட்டார். அப்படி மிச்சமான கொசுறு இடத்தில் அப்புத்தளைத் தோட்டத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். அவனுடைய நெற்றியும் வெள்ளிக்கிழமைகளில் பரிசோதிக்கப்பட்டது.

படிப்பை முடித்து நான் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவானபோது அவரிடம் சொல்லப் போனேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னதும், இதற்கா இவ்வளவு வருஷம் என்று உதட்டைப் பிதுக்கினார். கடைசிக் காலத்தில் மதுரைக்கே போய் அங்கேயே இறந்து போனார். செய்தி எங்களுக்கு வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று.

சின்ன வயதில் அவர் கண்ணில் படக் கூடாதென்று கடைவீதியின் மறுபக்கமாகவே நடந்து போவேன். இப்போதெல்லாம் அவர் கடையை ஒட்டியே நடக்கிறேன். அரிசித் தூசி படிந்த அந்த வாசலிலிருந்து, “டேய், எங்கடா போற, இங்க வா” என்று ஒரு தடவை யாராவது அதட்டினால் தேவலை.