கருவாடு தட்டிய பீரங்கிக் குண்டு

கம்போங் கெர்பாவ், சிங்கப்பூர்
1954

உட்லண்ட்ஸ் மாமா இராமசாமி அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் துரைசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் மகள் சந்திரமதியும் கைகால் முழுசாக நலம். இந்த வரியைச் சும்மா எழுதவில்லை, மேலே படிக்கவும்.

எங்கள் பின்கட்டில், முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன இரும்பு உருளை ஒன்று கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சந்திரமதி அதன்மேல்தான் கருவாடு தட்டுவாள், இஞ்சி நசுக்குவாள். திங்கட்கிழமை, பக்கத்து வீட்டு ஆடு காணாமல் போனதை விசாரிக்க வந்த போலீஸ்காரர் அப்துல் அஜீஸ் அதன்மேல் உட்கார்ந்து, அதிலேயே தீக்குச்சியை உரசிச் சிகரெட் பற்ற வைத்தார். பிறகு குனிந்து பார்த்தார். பார்த்தவர் மெதுவாக எழுந்தார்.

“அண்ணே, இதுல செம்புப் பட்டை இருக்கே. இது ஜப்பான்காரன் ஜொகூர்லேர்ந்து கோட்டையை உடைக்க அடிச்ச பெரிய பீரங்கிக் குண்டு லா.”

“வெடிச்சிருக்குமே?”

“வெடிச்சிருந்தா இங்க ஏன் கெடக்குது?”

அப்புறம் என்ன மாமா, தெருவையே காலி செய்தார்கள், நான் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் உங்கள் மகளைக் காணோம், அடுப்பில் மீன் குழம்பு இருக்கிறதென்று உள்ளே போய்விட்டாள், என் உயிர் என்னிடம் இல்லை, நானும் ரேடியோவைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன், குழம்புச் சட்டியோடு எதிரே வருகிறாள், “இப்ப எதுக்கு அழுவுறீங்க” என்று என்னையே கேட்கிறாள். நான் அழுதேனாம்.

ராணுவத்தார் வந்து நெடுநேரம் ஏதேதோ கழற்றினார்கள். கடைசியில் வெள்ளைக்கார அதிகாரி தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார். உள்ளே மருந்தே இல்லையாம், வெறும் இரும்பாம். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டு ரஷீதா அக்கா எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார்கள். லாரியில் குண்டை ஏற்றும்போது சந்திரமதி மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு, “இனிமே கருவாட்டை எதுல தட்டுறது?” என்றாள்.

ஆகையால் பேப்பரில் பார்த்துத் தாங்கள் கலங்க வேண்டாம். ஆபத்து நீங்கியது. அத்தைக்கு என் வணக்கம், மாட்டுக்கு என் அன்பு.

தங்கள் ஆசியால் முழுசாக இருக்கும்,
துரைசாமி

பி.கு.: ஒட்டுமுன் இதைச் சந்திரமதிக்கு வாசித்துக் காட்டினேன். “எல்லாம் சரிதாங்க. அங்க ரெண்டுல்ல கெடந்துச்சு? மாட்டுக் கொட்டகைக் கதவு காத்துல அடிக்குதுன்னு, முட்டுக் கொடுக்கப் போன பொங்கலுக்கு அப்பாவுக்கு ஒண்ணு அனுப்புனோமே” என்கிறாள். ராணுவத்தாரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் வரும்போது தாங்களும் அத்தையும் மாடும் ஏற்கெனவே ரோட்டில் நின்றுகொண்டிருந்தால், காரணம் இதுதான்.