உங்கட அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறா

வெல்லாவெளி,
ஐப்பசி மாதம், விடியத் தொடங்கின மழை இன்னும் விடாத செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த கதிரவெளி மச்சாள் தெய்வானைப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அக்கா இலட்சுமிப்பிள்ளையின் புருசன் அருமைநாயகம் எழுதுவிப்பது. அம்மாளாச்சியின் காவலில் நீங்களும் சகலனும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இவ்விடம் நானும் ஆடும் கோழிகளும் சுகம். உங்கட அக்காவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில சொல்லலாமே எண்டு நினைப்பீங்க. போனில சொன்னா உங்கட வீட்டில அதச் சத்தமாப் போட்டு முழுக் குடும்பமும் இருந்து கேக்குது. போன தைப்பொங்கலுக்கு நான் என்ட மூலவியாதியப் பற்றிச் சொன்னத உங்கட மருமகன் பாசிக்குடா ஹோட்டலில வேலைக்காரருக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சவராம். ஆகையினால் கடிதம்.

எழுதுறது ஸஹ்ரா. என்னோட வட்டையில வயல் செஞ்ச ஆதம்பாவாட மகள், இப்ப எங்கட பகுதிக்கு மிட்வைஃப். எனக்கு எழுத்துத் தெரியாதது உங்களுக்குத் தெரியும், பெருவிரல்தான் என்ட கையெழுத்து. ஆனா நாள் கிழமை எனக்கு ஒண்டும் மறக்காது. அது நல்லதுக்கா கெட்டதுக்கா எண்டு இந்த வயசில யோசிச்சுக்கொண்டு இருக்கன்.

விசயம் வைகாசியில தொடங்கினது மச்சாள். கோயில் சடங்குக்குக் கதவு திறக்கிற அண்டு நான் வேட்டியும் கட்டி நிக்கிறன், உங்கட அக்கா பாயில கிடக்கிறா. "நான் இந்த முறை வரல்ல" எண்டா. ஏன் எண்டன். "கேளாதீங்க" எண்டா. கேட்டன். "வயசுக்கு வந்திட்டன். போய் அண்டைக்குப் போல ஓலை வெட்டிக்கொண்டு வாங்க" எண்டு சொல்லிப்போட்டு மறுபக்கம் கிறுகிப் படுத்திட்டா. அவ பெரியபிள்ளையான அண்டு குடிசை கட்ட ஓலை வெட்டினவன் முறை மச்சான் நான்தானே, மரத்தில குளவி கொத்தி முகம் பூசணிக்காய் போல வீங்கி, பொம்பிளையப் பாக்க வந்த சனமெல்லாம் என்னப் பாத்துச் சிரிச்சது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், நீங்க அப்ப சின்னப்பிள்ளை. இப்ப அவவுக்கு வயசு அறுபத்தெட்டு. அது நிண்டு இருபது வருசம். எனக்கு என்ன தோணினது தெரியுமா மச்சாள், பயம் இல்ல, சந்தோசம். என்ட மனிசிக்கு இளமை திரும்பிற்று, அம்மாளாச்சி கண் திறந்திட்டா எண்டு கோயிலில ஒரு தேங்காய் கூட உடைச்சன்.

மறுகா நாங்க ரெண்டு பேரும் பழைய காலம் போலவே நடந்தம். அவவுக்கு வேறயாப் பாய், வேறயாக் கோப்பை. சமையல் நான். அந்த நாளில் அவ அடுப்படிக்கு வரக்கூடாது எண்டு எங்கட அம்மா வச்ச சட்டம் எங்கட வீட்டில ஒருநாளும் மாறினதில்ல. வெளியில சொல்ல வெக்கம், இருந்தாலும் சொல்றன், மாசத்தில அந்த மூண்டு நாள்தான் உங்கட அக்கா குந்தி இருந்து நான் ஆக்கினதத் தின்னுற நாள். மற்ற நாளெல்லாம் நான் தின்னுறத நிண்டு பாக்கிறதுதான் அவட வேலை. அதால எனக்கு அந்த நாளில ஆகலும் ஆசை. இருபது வருசத்துக்குப் பிறகு திரும்பி வந்ததும் ஆத்தில பிடிச்ச இறாலும் முருங்கைக்காயும் போட்டு ஆக்கினன். வாயில வச்சிற்று, "கடல் முழுக்க இந்தச் சட்டிக்குள்ள கிடக்கு" எண்டா. உப்புக் கூடினாலும் திண்டா. மூண்டு நாளில நிக்க வேண்டியது ஆறு நாள் ஆச்சு, பத்து நாள் ஆச்சு, விட்டு விட்டு வந்தது, நானும் விடாமல் ஆக்கினன். ஆவணி முடிய மட்டும் ஆக்கினன். அவ மெலிஞ்சுகொண்டு போறா, நான் கறிய மாத்திக்கொண்டு இருக்கன்.

ஸஹ்ரா பக்கத்து வீட்டுப் பச்சைப்பிள்ளைய நிறுக்க வந்தவ, நான் தேங்காய் துருவுறதக் கண்டுபோட்டு, "என்ன மாமா, மாமி எங்க?" எண்டு கேட்டா. நான் மீசைய முறுக்கிக்கொண்டு, "மாமிக்குத் திரும்பவும் வந்திருக்கு புள்ள" எண்டன். இந்தப் பிள்ளை தராசக் கீழ போட்டிட்டா. "எத்தின மாசம்?" எண்டா. நாலு எண்டன். "மாமா, ஒருக்கா நிண்டு ஒரு வருசம் போனாப் பிறகு ஒரு துளி பட்டாலும் அது அந்த நாள் இல்ல, வருத்தம். அண்டைக்கே காட்டோணும்" எண்டா. இத எழுதேக்கயும் என்ன நிமிந்து ஒரு பார்வை பாக்கிறா.

டவுனில கிளினிக்குக்குப் போனம். திரைக்கு அங்கால உங்கட அக்கா, இங்கால வாங்கில குந்திக்கொண்டு நான். டொக்டர் பிள்ளை, எங்கட பேத்தி வயசிருக்கும், கேள்வி கேட்டு எழுதுறா. முதன்முதல் எத்தின வயசில எண்டு கேட்டா. இவ "ஆருக்குத் தெரியும்" எண்டா. நான் இங்கால இருந்து, "பதின்மூண்டு! மாசி மாசம், வியாழக்கிழமை!" எண்டன். வாங்கில இருந்த பொம்பிளையள் எல்லாம் சிரிச்சு விழுந்தாளுகள். எப்ப நிண்டது எண்டு கேட்டா. அதுக்கும் நான்தான். "சுனாமிக்கு அடுத்த வருசம், சிறுபோகம் வெட்டி முடிஞ்ச கையோட!" அந்த வருசம் உங்கட அக்கா உச்சி வெயிலில கழுத்துமட்டும் ஆத்துக்க இறங்கி இருப்பா, உடம்பு எரியுதாம், நான் மீன் பிடிக்கிறா எண்டு நினைச்சு ஒவ்வொரு நாளும் கூடையோட கரையில காத்துக்கொண்டு நிண்டன். என்னக் கண்டாலே ஏசுவா. பரிசாரியிட்டப் போய், மனிசிட கோவத்துக்கு மருந்து கேட்டன். அவர் முழுக்கக் கேட்டுப்போட்டு, எனக்கு ஒரு கசாயம் தந்தார்.

மறுகா டொக்டர், "எத்தின தரம் வயித்தில தங்கினது அம்மா?" எண்டு கேட்டா. உங்கட அக்கா, "ரெண்டு" எண்டா. என்ட வாய் சும்மா இருந்திருக்கலாம். "மூண்டு" எண்டன். ஒருத்தரும் சிரிக்கல்ல. சூறாவளி அடிச்ச அந்தக் கார்த்திகை, கூரை பறந்து, நாலு நாள் அவ தூரக் கிணத்தில தண்ணி அள்ளிச் சுமந்தவ, ஏழு மாசம், ஆம்பிளைப்பிள்ளை, கண் திறக்கல்ல. நாப்பத்தேழு வருசமா அவவும் அதச் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. திரைக்கு அங்கால இருந்து அவட குரல் வந்தது: "ஓம் புள்ள, மூண்டு எண்டு எழுதுங்க."

அதோட விட்டாங்களா. டொக்டர் சோதிச்சுப் பாத்திட்டு, கருப்பை இறங்கிக் கிடக்கு, எத்தின வருசமா எண்டு கேட்டா. அதுக்கு மட்டும் எனக்கு விடை தெரியாது. எனக்குத் தெரியாத நாள் ஒண்டு இருக்கு எண்டு அண்டைக்குத்தான் கண்டன். எங்கட சின்னவன் பிறந்து இருபதாம் நாள் வட்டையில வெட்டின நெல்லு உப்பட்டிக் கட்டுத் தூக்கின அண்டிலிருந்தாம். துணியால இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாவாம். அவ மெல்லமா நடக்கிறதப் பாத்து, "என்ன, கல்யாணப் பொம்பிளை நடையோ?" எண்டு பகிடி பண்ணினவன் நான்.

உள்ளுக்க கொஞ்சம் சதை எடுத்து அனுப்பினதில புற்று எண்டு வந்திருக்கு. தொடக்கம்தானாம், கருப்பைய எடுத்தாச் சுகம் வருமாம், பிந்தினா ஒண்டும் சொல்ல ஏலாதாம். ரெண்டு தரம் நாள் தந்தாங்க. உங்கட அக்கா போகமாட்டன் எண்டு நிக்கிறா. முதல் நாளுக்கு, ஆடு குட்டி போடப்போகுது எண்டா. ரெண்டாம் நாளுக்கு, மழை, பாலம் மூடிரும் எண்டா. ஸஹ்ரா வந்து கேட்டா இன்னும் முறுகுவா எண்டு நான்தான் இந்தப் பிள்ளைய மறிச்சு வச்சிருக்கன். இப்ப மூண்டாந் தரம் நவம்பர் பத்தாந் திகதி தந்திருக்கு. இனி நாள் தரமாட்டாங்களாம். உங்கட சொல்லுக்குத்தான் அவ அடங்குவா. நீங்க வந்து நல்லா நாலு ஏச்சு ஏசி அவவ அனுப்ப வேணும்.

பிள்ளைகுட்டிகளோட நீங்க நூறு வயசு வாழ அம்மாளாச்சி அருள் செய்யட்டும். சகலனுக்கு என்ட அன்பு. மருமகனுக்கு என்ட மூலவியாதி சுகம் எண்டு சொல்லுங்க.

இப்படிக்கு,
அருமைநாயகம்
(பெருவிரல் அடையாளம்)

பிற்குறிப்பு: மச்சாள், மேல எழுதினத ஸஹ்ரா தன்ட வீட்டு விறாந்தையில இருந்து எனக்கு வாசிச்சுக் காட்டேக்க, நான் நனையப்போறன் எண்டு உங்கட அக்கா குடையோட தேடி வந்து வாசலில நிண்டிருக்கிறா. கடைசிப் பகுதி முழுக்கக் கேட்டுப்போட்டா. "ஆர் போகமாட்டன் எண்டது? பேக் கட்டிக் கட்டிலுக்குக் கீழ மூண்டு கிழமையாக் கிடக்கு. ஆஸ்பத்திரியில இருந்து நாள மாத்திப்போட்டாங்க எண்டு வந்து சொன்னது ஆர்? எங்கட வீட்டில நிக்கிறது கிடாய் ஆடு. அது எப்பிடிக் குட்டி போடும்?" எண்டு கேட்டா. ஸஹ்ரா பேனைய மூடி வச்சிட்டு, "மாமா, உண்மையச் சொன்னா எழுதுறன், இல்லாட்டிக் கிழிக்கிறன்" எண்டா. ஆகையால் எழுதுவிக்கிறன். அவ மாட்டன் எண்டு ஒருநாளும் சொல்லல்ல. மறிச்சது நான். அந்த ஆஸ்பத்திரிக் கதவுக்குள்ள இந்த ஊரில இருந்து போய்த் திரும்பி வராத ஆக்கள்ர நாள் கிழமை எல்லாம் எனக்கு ஞாபகத்தில கிடக்கு. திரும்பி வந்தவங்கட நாள் ஒண்டும் இல்ல. "வந்தவங்கள் ஊருக்குள்ள நடந்து திரியிறாங்க மாமா, அவங்கள ஆர் ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க" எண்டு ஸஹ்ரா சொல்றா. இருக்கும். உங்கட அக்கா பக்கத்தில வந்து இருந்திட்டா. நீங்க ஒம்பதாந் திகதியே வந்திருங்க மச்சாள். அவவ ஏச வேணாம். அவவோட நிக்க ஸஹ்ரா இருக்கிறா, கொழும்பில இருந்து மகள் சுலோஜனாவும் வாறா. உங்களுக்கு வேற வேலை. வார்ட்டுக் கதவடியில நான் அவட கையப் பிடிச்சனெண்டா விடமாட்டன். என்ட விரல் ஒவ்வொண்டாக் கழட்டி விட ஒராள் வேணும்.