பூனை தின்ற சினை

கொட்டியாரக் குடாவில் எத்தனையோ இனம் வலையில் அகப்படும். அகப்படாத இனம் ஒன்று உண்டு: வெளியே தடவியே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும் மனிதர். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அவர் என் மருமகன் நஸ்ரி.

மீன் சந்தையில் இந்த இனம் ஊசிக்கணவாயை வாலில் பிடித்துத் தூக்கும், வெயிலுக்குக் காட்டும், இரண்டு விரலால் அமத்தும், கண்ணை மூடும், நாலு பேர் பார்க்கிறார்களா என்று ஒரு கண்ணை மட்டும் திறக்கும், பிறகு தீர்ப்புச் சொல்லும்: "பொம்புள. சினை இருக்கு."

யார் கேட்டது?

அன்றைக்குக் கேட்கத்தான் வேண்டியிருந்தது. அவருடைய மகள், என் பேத்தி ஜெஸீமா, பிள்ளை வயிற்றோடு இருந்தாள். எதைத் தின்றாலும் சத்தி, உடனே வெளியே வந்துவிடும். கடைசியில் வாய் திறந்து ஒன்று கேட்டாள்: கணவாய்ச் சினை ஆணம்.

நஸ்ரி கொண்டுவந்தவை எல்லாம் பெண் கணவாய்தான். அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் வெட்ட எங்களை விடவில்லை.

"விடுங்க மாமி, உங்களுக்கு இதுகள் விளங்காது."

கிழித்தார். முன்னுக்கு வெள்ளை வெளேரென்று, தடித்த சோடியாய் இரண்டு. "இந்தா சினை!" வால் முனையில் கண்ணாடி மணிபோல ஏதோ வழுவழுத்தது. "இது சளி." அள்ளிப் பூனைக்கு எறிந்தார்.

"மருமகன், அதுதான் முட்டை. இந்த வெள்ளை ரெண்டும் முட்டையப் போர்த்துற பசை ஊறுற இடம்."

"எது பெருசோ அதுதான் மாமி சினை."

இந்த இனத்தின் அறிவு அவ்வளவுதான். கலியாண வீட்டிலும் முன் கதிரையில் இருக்கிறவரைத்தான் மாப்பிள்ளையின் வாப்பா என்று கட்டிப்பிடிக்கும்.

ஆணமாக்கி வைத்த அந்த வெள்ளையில் ஜெஸீமா ஒரு துண்டை வாயில் வைத்தாள். மென்றாள். மென்றாள். "வாப்பா, இது சினை இல்ல." கோப்பையைத் தள்ளிவிட்டாள், கண் நிரம்பிவிட்டது.

"நல்லா முத்தின சினை மகள், அப்படித்தான் இருக்கும்!"

பிள்ளைத்தாய்ச்சிக்குப் போர்வையை ஆக்கிக் கொடுத்து, பிள்ளைகளைப் பூனைக்குக் கொடுத்த மனிதர் பேசுகிற பேச்சா இது?

சட்டியில் கிழிக்காத கணவாய் ஒன்று மிச்சம் இருந்தது. அதன் வால் முனையை மட்டும் எடுத்துத் தேங்காய்ப் பாலில் ஆக்கி வைத்தேன். ஜெஸீமா கோப்பையை விரலால் வழித்தாள். சத்தி வரவில்லை.

நஸ்ரி எட்டிப் பார்த்தார், நெஞ்சை நிமிர்த்தினார். "ஆர் தெரிஞ்செடுத்த கணவாய்?"

சிரிக்கிறீர்கள், என்ன? சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: உங்கள் வீட்டுப் பூனை ஏன் இப்படிக் கொழுத்திருக்கிறது?