கட்டிலடிப் பைக்காரர்

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருக்கிறது. அதைப் பார்த்தால் வெள்ளம் வாசலோடு மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடும். தீ தன்னைத் தானே ஊதி அணைத்துக்கொள்ளும். பூகம்பம் ‘தப்பான அட்ரஸுங்க’ என்று அடுத்த தெருவுக்குப் போய்விடும். பிரளயமே வந்து உலகம் முழுகினாலும், மறுநாள் காலையில் பல் விளக்கி, தலை வாரி, உப்பு பிஸ்கட் தின்னப்போகும் ஒரே குடும்பம் எங்களுடையதுதான். மிச்ச மனிதகுலம் எங்கள் வாசலில் நின்று பேஸ்ட் கேட்கும். கொடுப்பதா வேண்டாமா என்று அப்பா இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிப்பட்ட பை வைத்திருப்பவர்களுக்குப் பைக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். சினிமாவுக்குப் போனால் நீங்கள் திரையைப் பார்ப்பீர்கள். அவர் வெளியேறும் கதவைப் பார்ப்பார். சொந்தக்காரர் புது வீடு கட்டிக் கூப்பிட்டால் நீங்கள் தரையின் பளபளப்பைப் புகழ்வீர்கள். அவர் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்து, “இது வழியா குதிக்க முடியாதே” என்று பெருமூச்சு விடுவார். மேகம் கறுத்தால் முகம் மலரும். மழை ஏமாற்றினால் வாடிவிடும். பாவம், மனுஷன் எத்தனை நாள்தான் ஆபத்துக்காகக் காத்திருப்பார்?

எங்கள் வீட்டுப் பைக்காரர் என் அப்பா. லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். ஊரில் பாதி லிஃப்ட் அவர் புண்ணியத்தில்தான் ஓடுகிறது. அவர் மட்டும் எங்கே போனாலும் படியேறித்தான் போவார். ஏனப்பா என்று கேட்டால், “உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமே” என்பார்.

பிறக்கும்போதே அவர் இப்படியில்லை. போன வருடம் எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் பழைய டயர் கிடங்கில் தீப்பிடித்து, புகை மாடிக்கு ஏறியது. எல்லாரும் தெருவுக்கு ஓடினோம். என் தங்கைக்கு மூச்சிரைப்பு உண்டு. அவள் வாயில் வைத்து உறிஞ்சும் மூச்சுப் பம்பு ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. அப்பா புகைக்குள் திரும்ப ஏறிப் போய் எடுத்து வந்தார். அதுவரைக்கும் அவள் எப்படி இருந்தாள் என்பதை எனக்கு எழுத வராது. மறுநாள் பை வந்தது.

வந்த பை சும்மா இருக்குமா? வளர்ந்தது. டார்ச், டார்ச் கெட்டால் மெழுகுவத்தி, மெழுகுவத்தி நனைந்தால் இன்னொரு டார்ச், கயிறு, கத்தி, விசில், போர்வை, வீட்டுப் பத்திரத்தின் நகல், அந்த நகலின் நகல், முக்கியமாகத் தங்கைக்கு இரண்டு பம்பு என்று தின்று கொழுத்து, கடைசியில் அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கக் கட்டிலையே தூக்க வேண்டியதாயிற்று. ஒருநாள் வேடிக்கைக்காக அதற்குள் ஒரு செங்கல்லை வைத்தேன். அப்பா கண்டுபிடித்தார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாருடா இதை வச்சது?”

“நான்தான்.”

“நல்ல யோசனைடா. கதவு மாட்டிக்கிட்டா உடைக்கலாம்.”

செங்கல் அங்கேயே தங்கிவிட்டது. இந்த இனத்தை ஏமாற்றவே முடியாது.

ஞாயிறுதோறும் ஒத்திகை. அப்பா விசில் ஊதுவார். நாங்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வரிசையாகத் தவழ வேண்டும். அம்மா அடுப்பை அணைக்காமல் தவழ்ந்ததற்காக ஒருமுறை இறந்துபோனதாக அறிவிக்கப்பட்டார்.

“செத்தவ எப்படிங்க சமைக்கிறது? கடையில வாங்கிக்குங்க” என்று அம்மா போய்ப் படுத்துக்கொண்டார்.

“அண்ணா, நானும் சாகட்டுமா?” என்று தங்கை என் காதில் கேட்டாள். அவளுக்குக் கடைச் சாப்பாடு பிடிக்கும்.

பிறகு பையிலிருந்து சாமான்கள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் பிஸ்கட். அப்புறம் விசில், ஒரு டார்ச். வீட்டில் எது காணாமல் போனாலும் எல்லா விரலும் என் பக்கம்தான் நீளும். நான் மறுப்பதில்லை, பாடுபட்டு எடுத்த பெயரைக் கெடுத்துக்கொள்வானேன்? டார்ச் போனபோது அப்பா கத்தினார். இரண்டு பம்பில் ஒன்றைக் காணோம் என்றபோது கத்தவில்லை. கடைக்குப் போய், அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்று வாங்கி வந்து பையில் மாட்டினார்.

என்னிடமும் ஒரு பை உண்டு. பள்ளிக்கூடப் பை. இந்த வருடம் அது நல்ல கனம். ஒருநாள் அம்மா அதை நகர்த்திப் பார்த்துவிட்டு, “பிள்ளை இந்தத் தடவையாவது பாஸாயிடும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெற்ற மனம்.

போன வாரம் டயர் கிடங்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. கனவு பலித்தவர் போல அப்பா எழுந்து நின்றார். விசில் ஊத விசில் இல்லை; வாயாலேயே ஊதினார். கட்டிலைத் தூக்கி, பையை இழுத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியில் உருட்டிக்கொண்டு இறங்கினோம். நான் என் பள்ளிப் பையையும் மாட்டிக்கொண்டேன்.

“வீடே பத்தி எரியுற நேரத்துலதான் இவனுக்குப் படிப்பு ஞாபகம் வருது!” என்றார் அம்மா.

தெருவுக்கு வந்தோம். தங்கைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அப்பா கொஞ்சமும் பதறவில்லை. இதற்காகத்தானே ஒரு வருடமாகக் காத்திருந்தார்? கம்பீரமாகப் பையின் முன் மண்டியிட்டு, பூட்டைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார்.

“என்னங்க, சாவி எங்க?”

“பத்திரமா இருக்கு.”

“எங்கங்க?”

“உள்ள.”

“மாத்துச் சாவி?”

“அதுவும் தொலைஞ்சிடக் கூடாதுன்னு…”

பையைக் கிழிக்கக் கத்தி? உள்ளே. பூட்டை உடைக்க என்னுடைய செங்கல்? அதுவும் உள்ளே. அப்பா வெறுங்கையால் பூட்டை முறுக்கினார். தங்கையின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

அதற்குமேல் என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. பள்ளிப் பையைத் திறந்து, காணாமல் போன பம்பை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். உறிஞ்சினாள். இன்னொரு முறை. மெல்ல மெல்ல அவள் தோள் இறங்கியது. முதல் வார்த்தையாக, “அண்ணா, இன்னிக்குக் கடைச் சாப்பாடுதானே?” என்றாள்.

அப்பா என் பையைத் தன் பக்கம் இழுத்தார். விசில் வந்தது. டார்ச் வந்தது. பிஸ்கட், பிரிக்காமல். அம்மாவின் பழைய கண்ணாடி, தங்கையின் கம்பளிச் சட்டை, அப்பாவின் பிரஷர் மாத்திரை.

“எப்பலேருந்துடா?”

“சும்மாப்பா. உங்க பையைத் தூக்கிட்டு ஓட முடியாதுன்னு…”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே உங்கள் கைப்பையைக் கொஞ்சம் கவிழ்த்துக் காட்டுங்கள். அந்த ஊக்கு எதற்கு? மடித்து மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர் எதற்கு? யாருக்கோ தலை வலித்தால் என்று வைத்திருக்கும் மாத்திரையை இதுவரை யார் கேட்டார்கள்? இந்த வியாதி கட்டிலடியில்தான் தொடங்கும் என்று யார் சொன்னது?

அப்பா எல்லாவற்றையும் எடுத்தது போலவே திரும்ப அடுக்கினார். பையைக் கையில் தூக்கி எடை பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் பரீட்சை முடிவு வந்த எந்த நாளிலும் கண்டதில்லை. என் தோளில் தட்டப் போனவர், என்னவோ தோன்றி, மறுபடியும் பைக்குள் கையை விட்டு அடிவரைக்கும் துழாவினார்.

“அது சரிடா… புத்தகமெல்லாம் எங்க?”