கத்தரித் தோட்டத்து மெஷின் சொல்லும் பொய்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் அன்புடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். கத்தரிச் செடிகளும் சௌக்கியம். அவை சௌக்கியமாக இருப்பதுதான் இப்போது என் தலைவலி.

நல்ல சம்பளத்து வேலையை விட்டுவிட்டு, தாங்கள் அரும்பாடுபட்டுச் செய்த பூச்சி எண்ணும் மெஷினைச் சோதனைக்காக என் தோட்டத்தில் நட்டுச் சென்றதில் எனக்குப் பெருமையே. பெண் பூச்சியின் வாசனைக்கு மயங்கி ஆண் பூச்சி வரும், ஒட்டும் அட்டையில் மாட்டிக்கொள்ளும், கேமரா எண்ணிப் பார்த்து, அளவு தாண்டினால் போனில் கூப்பிடும் என்று விளக்கினீர்கள். எல்லாம் புரிந்தது. ஆனால் கூப்பிடுகிற குரல் என் மகளுடைய குரல் என்பதை மட்டும் ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? முதல் நாள் பல் தேய்ச்சுக்கிட்டிருந்தேன், போன் அடிச்சுது. "அப்பா, பூச்சி அதிகமாயிடுச்சு. உடனே பாருங்க"ன்னா. சரிம்மா, சாப்பிட்டியா, மாப்பிள்ளை எப்படியிருக்கார்னு கேட்டேன். "அப்பா, பூச்சி அதிகமாயிடுச்சு"ன்னா. ஏம்மா ஒரு மாதிரி பேசறே, வீட்ல ஏதாவது சண்டையான்னேன். அதுக்கும் பூச்சிதான். வாயில நுரையோட உங்க அத்தைகிட்ட போனை நீட்டினேன். அவ காதுல வச்சுக் கேட்டுட்டு, "ஐயோ, மாப்பிள்ளை பக்கத்துல நிக்கறார் போல, அதான் ஜாடையாப் பேசறா, அவரைத்தாங்க பூச்சிங்கறா!"ன்னு அழ ஆரம்பிச்சுட்டா. பெட்டி கட்டிட்டோம். நல்லவேளை, பஸ் ஏறுறதுக்குள்ள நீங்களே போன் பண்ணி, அது மெஷின்தான், சரியாக் கூப்பிடுதான்னு சும்மா சோதிச்சுப் பார்த்தேன்னு சொன்னீங்க.

அது போகட்டும். அன்னிக்கிலேருந்து தினமும் விடிஞ்சா போதும், மெஷின் கூப்பிடுது. நானும் தினமும் அலறியடிச்சு ஓடி, செடி செடியாக் குனிஞ்சு பார்க்கறேன். ஒரு குருத்து வாடலை, ஒரு காயில ஓட்டை இல்லை. உள்ளே இருக்குமோன்னு கூடை கூடையா அறுத்துப் பார்த்தேன், புழு இல்லை. அறுத்த காயை என்ன பண்றது? மூணு வேளையும் கத்தரிக்காய்தான், இப்ப எனக்கு ஏப்பம் கூட அதே வாசனையில வருது. சரி, மெஷின் சொல்லுதேன்னு மருந்து அடிச்சா, மறுநாள் முன்னைவிட அதிகம்னு கூப்பிடுது! ஒப்பிட்டுப் பார்க்கறதுக்குன்னு பக்கத்துல என் மச்சான் தோட்டத்துல சாதாரணப் பொறி ஒண்ணு மாட்டினீங்களே, அதுல எப்பப் பார்த்தாலும் ஒண்ணுமே இல்லை. மச்சான் வேலி மேல கையை ஊனிக்கிட்டு, "உங்க மாப்பிள்ளை மெஷின் பூச்சியை எண்ணுதா, பிரசவம் பார்க்குதா?"ங்கறான்.

இப்ப வெள்ளிக்கிழமை விவசாயிகள் சங்கத்துல மெஷினைப் பார்க்க வர்றாங்க. என் வாய்ல வர்ற வார்த்தையை வச்சுத்தான் எடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்களாம். உங்க உழைப்பெல்லாம் அதுல நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நாலு குடும்பம் என் பேச்சை நம்பி மருந்து வாங்கி அடிச்சு நாசமாப் போகக் கூடாது. பொய் சொல்லுதுன்னுதான் சொல்லுவேன். மனசு கேக்காமத்தான் எழுதறேன், அதுக்கு முன்னாடி வந்து மெஷினைக் கழட்டிட்டுப் போயிடுங்க. பழைய வேலையும் காலியா இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டு வையுங்க.

தாங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, மனம் நிறைய வாழ வேண்டுமென்று வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: மேலே எழுதினது அத்தனையும் தப்பு. தபால்ல போடக் கிளம்பினவன் தோட்டத்து வழியாப் போனேன். உங்க அத்தை, மச்சான் பொறியில விழுந்த பூச்சியையெல்லாம் புருவம் பிடுங்கற இடுக்கியால ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்து நம்ம மெஷின் அட்டையில ஒட்டிக்கிட்டிருக்கா! என்னடி இதுன்னு கத்தினேன். "நான் கூப்பிட்டா வேலையா இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்னு வச்சுடறா. இதுலயாவது காலையில அவ குரல் கேக்குதுல்ல"ன்னா.

மெஷின் மேல குத்தமே இல்லை மாப்பிள்ளை, ஒட்டினதை ஒண்ணு விடாம எண்ணியிருக்கு. பூச்சி மச்சான் தோட்டத்துலதான். சொன்னதும் ஓடிப்போய்ச் செடியைப் பார்த்துட்டு, சிரிப்பை நிறுத்திட்டான். வெள்ளிக்கிழமை அவனே சங்கத்துக்காரங்க முன்னாடி பேசறானாம், நானும் பேசறேன். நீங்க கட்டாயம் வாங்க. குரல் குடுத்தவளையும் கூட்டிட்டு வாங்க. இனிமே பூச்சி ஒட்டினா நடக்கறதே வேறன்னு உங்க அத்தையை நல்லாக் கண்டிச்சு, இடுக்கியைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன். சோதனை முடியற வரைக்கும்தான். அப்புறம் நானே ஒட்டறேன்னு சொல்லியிருக்கேன், அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லை.