வீடு காண வாறோம்

ராஜபாய் அக்கா போனில் ஏன் அழுதாள் என்பது சத்தியராஜுக்கு விளங்கவில்லை.

“அக்கா, இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல வீடு காண வாறோம்” என்றுதான் சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து, “உள்ளதா மக்கா? கர்த்தாவே, எனக்க செபத்தக் கேட்டுட்டீரே!” என்று ஒரு கேவல். அதோடு போனை வைத்துவிட்டாள்.

“மாமி என்னப்பா சொன்னாங்க?” பின் சீட்டிலிருந்து மகள் லிஷா கேட்டாள்.

“அழுதுட்டா. பாசமாக்கும்!” சத்தியராஜ் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். “இருபத்திரண்டு வருசம் பஹ்ரைன்ல கெடந்தாலும், நம்ம ஆளுககிட்ட எப்பிடிப் பேசணும்னு எனக்குத் தெரியும். ஒரே வார்த்தை. உருகிப் போயிட்டா பாத்தியா?”

அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்ததே லிஷாதான். “சும்மா வாறோம்னு சொன்னா நல்லாவா இருக்கும்? புதுசா வீடு கட்டியிருக்காங்கல்ல, வீடு காண வாறோம்னு சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க” என்று அவள் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் நல்ல யோசனை எதுவானாலும் அது தன் மண்டையில் முளைத்தது என்று நம்புவது சத்தியராஜின் பிறவிக் குணம்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, சித்தப்பா மகள். ஆறு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது, குன்னத்துகாலில் அவள் வீட்டு வாசல் வழியாகவே காரில் போனான். கேட்டில் நின்று அக்கா கையைத் தூக்கி ஆட்டினாள். திரும்பி வரும்போது வீட்டுக்குள் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தான். திரும்பியதோ வேறு வழியாக. அன்றைக்கு அறுந்த பேச்சு. அந்தப் பக்கத்து மனிதர்கள் அடித்தால்கூட மன்னிப்பார்கள், வாசல் வழியாகப் போய் வீட்டுக்குள் ஏறாமல் போனால் மன்னிக்க மாட்டார்கள். இந்தத் தடவை அதை நேராக்காமல் விமானம் ஏறுவதில்லை என்று சத்தியராஜ் முடிவு செய்திருந்தான்.

இன்னொரு முடிவும் இருந்தது. பஹ்ரைனில் காட்டிய மூன்று பையன்களையும் லிஷா மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தள்ளிவிட்டாள். இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டர் மாப்பிள்ளை, சத்தியராஜின் மேனேஜருக்குச் சொந்தம். திங்கட்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். “நான் பாத்துக்கிடுதேன் சார், முடிஞ்சதுன்னு வச்சுக்கிடுங்க” என்று மேனேஜரிடம் மார்தட்டிவிட்டு வந்திருந்தான்.

நெய்யாற்றின்கரையில் மனைவி ஷீனாவின் வீட்டிலிருந்து காலையிலேயே புறப்பட்டாகிவிட்டது. பாறசாலையில் இரண்டு சொந்தக்கார வீடு. இரண்டிலும் கிழங்கும் மீன்கறியும். ஒரு வீட்டில் தின்று இன்னொரு வீட்டில் மறுக்க முடியாது. அதன் பலனாக, மார்கழிக் காற்று முகத்தில் அடிக்க, ஷீனா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தாள். கணவன் போனில் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வாடகைக் காரை ஏற்பாடு செய்தது லிஷா. டேஷ்போர்டில் சிலுவை, டிரைவர் ரதீஷின் நெற்றியில் சந்தனக் குறி.

“இதாக்கும் நம்ம நாடு!” என்றான் சத்தியராஜ். “ஓட்டுறவனுக்கு ஒரு சாமி, வண்டிக்கு ஒரு சாமி. வேற எங்க காண முடியும்?”

ரதீஷ் கண்ணாடியை நேராக்கினான்.

“வழி நான் சொல்லுதேன், நீ மெதுவாப் போ” என்று சத்தியராஜ் சொல்லியிருந்தான். ஆனால் ‘இடது’ என்று அவன் வாயெடுக்கும் முன்பே கார் இடது பக்கம் திரும்பியிருந்தது. “கொள்ளாம்டே! நான் நினைக்கதுக்கு முன்ன திருப்பிடுற” என்று அவன் தோளில் தட்டிக்கொடுத்தான்.

வழியில் இன்னும் இரண்டு வீட்டில் ஏறி இறங்கியதில் மணி இரண்டாகியிருந்தது. அக்கா வீட்டு கேட் அகலத் திறந்து கிடந்தது. கார் நேராகப் போய் பக்கவாட்டு ஷெட்டில், அளவெடுத்துத் தைத்ததுபோல் நின்றது. செவலை நாய் ஒன்று ஓடிவந்தது. குரைக்கவில்லை. கார்க் கதவில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்து, வால் அறுந்து விழுந்துவிடுமோ என்கிற மாதிரி ஆட்டியது.

“பாத்தியா ஷீனா? நாய்க்குக்கூட சொந்தம் தெரியுது!”

ஷீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். முற்றத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. அதன் கீழே தார்ப்பாய்ப் பந்தல். பந்தலில் நாற்காலிகள். நாற்காலிகளில் ஊர். கஞ்சி போட்ட வேட்டியில் அக்காவின் கணவர் ஜெயசிங் அத்தான். அவர் பக்கத்தில் வேதப்புத்தகத்தோடு சபை மூப்பர் யோசுவா.

“இதென்ன இத்தன ஆளு?”

“பஹ்ரைன்காரன் வாறான்னா சும்மாவா?” என்று சத்தியராஜ் இறங்கினான்.

அக்கா ஓடிவந்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “ஆறு வருசமா உனக்க பேரச் சொல்லாம இருந்தேன் மக்கா. நீ இப்பிடி மனசு நெறைஞ்சு வந்து நிப்பேன்னு நான் கனவுலகூட நினைக்கல.” பேச்சு முடியும் முன்பே அழுகை. சத்தியராஜ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். அந்த வேகத்தில், கூட்டத்தைப் பார்த்து ஒரு வசனமும் பேசிவிட்டான்.

“அறுந்து கெடந்த சொந்தம் இன்னைக்குக் கூடியாச்சு. இனி எவனாலும் பிரிக்க முடியாது!”

“ஆமென்” என்றார் யோசுவா. பந்தல் முழுவதும் கை தட்டியது.

சாப்பாடு ஆனது. சத்தியராஜ் மீன்கறியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினான். கை கழுவியதும் அத்தான் வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஹால், அடுக்களை, செபம் செய்யும் மூலை. மாடியில் புதுப் பெயிண்ட் வாசத்தோடு ஓர் அறையைத் திறந்தார்.

“இதாக்கும் பிள்ளையளுக்க முறி. உள்ளயே குளிமுறியும் உண்டு.”

“எந்தப் பிள்ளையளுக்க?” என்றான் சத்தியராஜ்.

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். “உனக்க தமாசு மட்டும் மாறவே இல்லடே!” பின்னால் நின்ற மகன் பிபின் தலையைக் குனிந்துகொண்டான். பள்ளிக்கூட வாத்தியார், முப்பது வயது, முகத்தில் பவுடர் சற்று அதிகம்.

ஷீனா கணவனின் சட்டையைப் பிடித்து மாடிப்படி மூலைக்கு இழுத்தாள்.

“நீங்க போன்ல என்ன சொன்னிய?”

“வீடு காண வாறோம்னு.”

“அட ஆண்டவரே!” அவள் தலையில் கையை வைத்தாள். “பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ள வீட்டுக்கு வந்து பாத்து சம்மதம் சொல்லதுக்குப் பேராக்கும் வீடு காணல்! நம்ம கல்யாணத்துக்கு முன்னால எங்கப்பா ஒரு வேன் ஆளோட உங்க வீட்டுக்கு என்னத்துக்கு வந்தாரு?”

“சாப்பிட வந்தாருன்னுல்லா நினைச்சேன்.”

“போய் உள்ளதச் சொல்லுங்க. திங்கக்கிழம மார்த்தாண்டத்துக்காரங்க வாறாங்க.”

உள்ளதைச் சொல்வதா? ‘அக்கா, நான் மாப்பிள்ளை பார்க்க வரவில்லை, உன் வீட்டு டைல்ஸைப் பார்க்க வந்தேன்’ என்று ஊர் முன்னால் சொன்னால், ஆறு வருஷம் அறுபது வருஷமாகும். மகளைக் கொடுக்கவும் கூடாது, அக்காவை இழக்கவும் கூடாது. மற்றவனாக இருந்தால் வியர்த்திருப்பான். சத்தியராஜ் மீசையைத் தடவினான்.

“நீ பேசாம இரு. அவங்களே வேண்டாம்னு சொல்லும்படியாட்டு நான் பாத்துக்கிடுதேன்.”

முதலில் வீட்டில் குறை சொன்னான்.

“எல்லாம் கொள்ளாம் அத்தான். ஆனா மாடிப்படி செங்குத்தால்லா இருக்கு? எம்மொவ காலு தவறி விழுந்தா என்ன செய்ய?”

அத்தானின் முகம் விழவில்லை, மலர்ந்தது. “எலே ஜெனிலு!” என்று கீழே பார்த்துக் கூப்பிட்டார். பந்தலில் இருந்த கொத்தனார் ஜெனில், முந்திரிக்கொத்துப் பலகாரத்தை வாயில் அடக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்து டேப்பை உருவியபடி ஏறிவந்தார். “கல்யாணத்துக்கு முன்ன படிய இடிச்சு மாத்திரணும்டே. பொண்ணுக்கு அப்பன் சொல்லியாச்சு.”

“பாத்தியளா,” என்றார் யோசுவா கூட்டத்திடம், “குறை சொல்லுறவனாக்கும் பொண்ணு தருவான். தராதவன் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போவான்.”

அடுத்து மகள்மேல் குறை சொன்னான்.

“அக்கா, ஒண்ணும் மறைக்கப்பிடாது பாரு. லிஷாக்கு ஒரு கட்டஞ்சாயா போடத் தெரியாது. விடியதே அவளுக்கு ஒம்பது மணிக்காக்கும்.”

“அதுக்கென்ன மக்கா?” அக்கா அவன் கன்னத்தைத் தடவினாள். “பிபினு அஞ்சு மணிக்கு எழும்பிருவான். நீ ரெண்டு தடவ வாங்கித் தின்ன மீன்கறி யாரு வச்சதுன்னு நினைச்ச?”

சத்தியராஜ் பிபினைப் பார்த்தான். பிபின் பணிவாக, “புளி கூடிப்போச்சா மாமா?” என்று கேட்டான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளும், சத்தியராஜ் நிறுத்தவில்லை. பேச்சை மாற்றுவோம், கொண்டுவந்த பரிசைக் கொடுத்துவிட்டு இடத்தைக் காலி செய்வோம் என்று முடிவு செய்து, “ரதீஷே, டிக்கியில இருந்து அந்தப் பெரிய பொதிய எடுத்துட்டு வா” என்று குரல் கொடுத்தான்.

பொதி வந்தது. “குளிர்காலமில்லா, அதான்” என்று பந்தலில் வைத்துப் பிரித்தான். பஹ்ரைன் கம்பளி. இரண்டு பேர் போர்த்துகிற அகலம். சிவப்பு நிறம். நடுவில் இரண்டு அன்னங்கள் கழுத்தோடு கழுத்து சேர்த்து நின்றன.

பெண்கள் பக்கம் குலவை போடாத குறை. அத்தான் கண் கலங்கினார். “நாங்க நாளுகூட குறிக்கல. அதுக்குள்ள பிள்ளையளுக்குப் போர்வை வரைக்கும் யோசிச்சுட்டானே!”

“அது உங்களுக்காக்கும் அத்தான்!” என்று சத்தியராஜ் அலறினான்.

“இந்த வயசுலயாடே?” என்றார் அத்தான். பந்தல் சிரித்து ஓய அரை நிமிஷம் ஆனது. ஷீனா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

யோசுவா வேதப்புத்தகத்தைத் திறந்தார். செபம் தொடங்கிவிட்டால் கதை முடிந்தது. அப்போதுதான் சத்தியராஜுக்கு அந்த மகா யோசனை உதித்தது. மூன்று பையன்களை மூக்குக்கும் முழிக்கும் தள்ளியவள் கையிலேயே இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு? அவள் வேண்டாம் என்றால் பழி அக்கா மேலும் இல்லை, தன் மேலும் இல்லை. காலம் அப்படி என்று எல்லாரும் ஆறிவிடுவார்கள்.

“ஒரு நிமிசம் மூப்பரே.” அவன் எழுந்து நின்றான். “இந்தக் காலத்துல பெத்தவன் சம்மதிச்சா மட்டும் போதாது. எம்மொவ என்ன சொல்லுதாளோ அதாக்கும் முடிவு. அவ வாயால சொல்லட்டு. அதுக்கப்புறம் நான் மாத்திப் பேச மாட்டேன். இது வாக்கு!”

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சத்தியராஜ் மகளைப் பார்த்துக் கண்ணால் ஒரு சாடை காட்டினான்.

லிஷா எழுந்தாள். தரையைப் பார்த்தாள். இப்படி அடக்கமாக அவள் நின்று அவன் பார்த்ததே இல்லை.

“அப்பா எல்லார் முன்னாலயும் வீடு காண வந்தாச்சு,” என்றாள் மெல்ல. “அவர் வார்த்தைய நான் எப்படித் தட்டுறது? எனக்குச் சம்மதம்.”

யோசுவா கண்ணை மூடிச் செபத்தைத் தொடங்கினார். செபம் நீளமாக இருந்தது. சத்தியராஜின் வாய் அது முடியும்வரை மூடவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் நிச்சயம் என்று முடிவானது. அக்கா அவன் தோளில் சாய்ந்து ஆசைதீர அழுதாள். “எனக்கு இனி சாவு வந்தாலும் கவலையில்ல மக்கா” என்றாள். அந்த ஒரு சொல்லில் மார்த்தாண்டத்து டாக்டர் அவன் மனதிலிருந்து பாதி இறங்கிப் போனான். முந்திரிக்கொத்துப் பொட்டலமும் ஏத்தங்காய்க் குலையும் காரில் ஏறின. நாய் கேட் வரை ஓடிவந்து வழியனுப்பியது.

கார் பாறசாலை ரோட்டில் ஏறியது. கண்ணாடியில் பார்த்தபோது லிஷா முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

“அழாதே மக்கா,” என்றான் சத்தியராஜ். “அப்பாவுக்காக இவ்வளவு பெரிய தியாகம் செய்திருக்க. பையன் ஒண்ணும் மோசமில்ல கேட்டியா? மீன்கறி வைக்கத் தெரிஞ்சவன் பொண்டாட்டிய பட்டினி போட மாட்டான்.”

தோள்கள் இன்னும் பலமாகக் குலுங்கின.

“மேனேஜருக்கு என்ன சொல்லுவிய?” என்றாள் ஷீனா.

“அத நான் பாத்துக்கிடுதேன்.” பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. உதியன்குளங்கரை தாண்டும்போது காலரும் மேலே ஏறியிருந்தது. “யோசிச்சுப் பாரு. ஆறு வருசப் பிணக்கு தீந்தாச்சு. மொவளுக்கு மாப்பிள்ளையும் ஆச்சு. ஒரு புரோக்கர் உண்டா, ஒரு செலவு உண்டா? எல்லாம் நான் சொன்ன ஒரே வார்த்தையில!”

நெய்யாற்றின்கரை வீட்டு வாசலில் கார் நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லிஷா யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே ஓடினாள். அவள் பின்னால் ஷீனா போனாள். சத்தியராஜ் பெருந்தன்மையாக பர்ஸைத் திறந்தான்.

“ரதீஷே, இத்தன நாளா ஓடினதுக்கு வாடகை எவ்வளவு? தயங்காமச் சொல்லு. இன்னைக்கு எனக்க மனசு நெறைஞ்சிருக்கு.”

ரதீஷ் டேஷ்போர்டு சிலுவையைத் துணியால் துடைத்தபடி சிரித்தான்.

“வாடகையா? வேண்டா சாரே. இது பிபின் அண்ணனுக்க வண்டியாக்கும். மாப்பிள்ள வண்டியில வாற பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட ஒண்ணும் வாங்கப்பிடாதுன்னு, நீங்க ஏர்போர்ட்டுல வந்து எறங்கின அன்னைக்கே லிஷா சொல்லியாச்சு.”