ஏழாம் நம்பர் மேஜைக்காரர்

சாப்பிடுவதற்காக ஓட்டலுக்குப் போகிறவர்கள் ஒரு ரகம். குடிப்பதற்காகப் போகிறவர்கள் இன்னொரு ரகம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு, சமைத்ததைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மூன்றாவது ரகம். இந்த மூவரையும் நான் மன்னித்துவிட்டேன். பசியும் தாகமும் கோபமும் யாருக்குத்தான் இல்லை? இன்றைக்கு உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப் போகிறவர் நான்காவது ரகம். இவர் ஓட்டலுக்குப் போவது ஜன்னலுக்காக.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததும் வணக்கம் சொல்லும் மேனேஜரைப் பார்க்கமாட்டார், கூட வந்த குடும்பம் பின்னால் வருகிறதா என்று பார்க்கமாட்டார், பக்கத்து மேஜையில் ஆவி பறக்கிற தட்டைக்கூடப் பார்க்கமாட்டார். கண் நேரே ஓரத்துக்குப் போகும். அந்த ஓரத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால், பூர்வீகச் சொத்தில் ஆள் புகுந்துவிட்ட மாதிரி முகம் சுருங்கும். மற்றவர்கள் சர்வரிடம் "என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். இவர் "இங்கிருந்து என்ன தெரியும்?" என்று கேட்பார்.

இந்த ரகம் எங்கும் முளைக்கும் என்றாலும், துரைமார் கட்டிவிட்டுப் போன பழைய துறைமுக ஊர்களில்தான் செழித்து வளர்கிறது. துரைமாருக்கும் இதே வியாதி இருந்ததுதான் காரணம். மேடு எங்கே, காற்று எங்கே, யார் வருகிறான் யார் போகிறான் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கத் தோதான மூலை எங்கே என்று தேடித் தேடிக் கட்டடங்களை எழுப்பினார்கள். மூட்டை சுமந்தவர்களுக்கு அந்த மாடியிலிருந்து தெரிகிற காட்சியில் இடம் இருந்தது; நாற்காலியில் இல்லை. இன்றைக்குக் கவர்னர் பங்களாவின் மொட்டை மாடி ஒரு ரெஸ்டாரன்ட். கோட்டை மதிலின் மேல் ஒரு பார். கைதிகளை அடைத்து வைத்திருந்த கோபுரத்தில் எலுமிச்சைத் துண்டு செருகிய கண்ணாடிக் கோப்பைகள். மூட்டை சுமந்தவரின் பேரன் போன் போட்டுக் கேட்கிறார், "ஓரத்து டேபிள் கிடைக்குமா?" என்று.

அப்படிக் கேட்கிறவர்களில் தலைசிறந்த ஒருவரை நான் அறிவேன். நில அளவைத் துறையில் சர்வேயர். பிறத்தியார் வேலித் தகராறுகளை எல்லாம் சங்கிலி பிடித்து அளந்து தீர்த்து வைக்கிறவர். பழைய சுங்கக் கிடங்கின் மாடியில் இருக்கிற ரெஸ்டாரன்ட்டில், ஏழாம் நம்பர் மேஜையிலிருந்து கலங்கரை விளக்கம், துறைமுக வாய், சூரியன் விழுகிற இடம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வருகின்றன என்பதைக் கண்டுபிடித்தவர் இவர்தான். கண்டுபிடித்ததோடு நிற்காமல் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அங்கிருந்த சர்வர்கள் இவருக்கு வைத்த பெயர் "ஏழாம் நம்பர்". அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த மேஜை கிடைத்ததும் அவர் முதலில் செய்கிற காரியம் என்ன தெரியுமா? கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். போட்டோவில் அவர் தலைக்குப் பின்னால் கலங்கரை விளக்கம் வர வேண்டுமே. பத்து வருஷமாக அந்தக் காட்சியின் சொந்தக்காரர் அவர். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் எதிரே உட்கார்ந்து போட்டோ எடுத்தவர்கள் மட்டும்தான்.

இவருக்கு ஒரு மனைவி. பாவம், எல்லாருக்கும்தான் யாராவது ஒருவர் வாய்த்துவிடுகிறார்களே. அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். டாக்டர் கையை நீட்டினால் கத்தரி, மறுபடி நீட்டினால் ஊசி என்று முப்பத்தோரு வருஷம் நின்றுகொண்டே எடுத்துக் கொடுத்தவர். காலையில் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைச் சாயங்காலம் நாலு மணிக்குச் சுவரில் சாய்ந்தபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்ப ஓடியவர். குதிகால் வலி அவருக்குக் கூடப் பிறந்த தங்கை மாதிரி ஆகிவிட்டது. அவர் ஓய்வு பெறுகிற நாள் வந்தது.

"எங்க போகலாம் சொல்லு. உன் இஷ்டம்தான்" என்றார் சர்வேயர், ரொம்பப் பெருந்தன்மையாக.

"எங்க வேணும்னாலும் போகலாங்க. உட்காரணும். சூடா சாப்பிடணும். நாலு பேரும் ஒண்ணா சாப்பிடணும். அவ்வளவுதான்."

மூன்றே மூன்று ஆசை. அதில் முதலாவதுதான் அவர் காதில் ஏறியது. உட்காருவது என்றால், எங்கே உட்காருவது? உடனே போனை எடுத்தார்.

"நான்தான். நாலு பேர். ஏழு. எப்பவும் போல."

"சார், ஏழுதானே? போன மாசம் வாசல் பக்கம் ரெண்டு டேபிள் புதுசா போட்டோம், அதனால நம்பர்..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"ஏழு எதுன்னு எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?" என்று போனை வைத்துவிட்டார்.

கேட்டிருக்கலாம். அரை நிமிஷம் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் தான் கண்டுபிடித்த மேஜையைப் பற்றி இன்னொருவர் வாயால் கேட்பது இந்த ரகத்துக்கு நடக்காத காரியம்.

சாயங்காலம் நாலு பேரும் மாடி ஏறினார்கள். சர்வேயர் முன்னால். ஆஸ்பத்திரியில் கொடுத்த பூங்கொத்தைப் பிடித்தபடி, படிக்கு ஒரு தரம் நின்று அந்த அம்மாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மகள். ஷிப்டை மாற்றிக்கொண்டு காக்கிச் சட்டையோடே வந்திருந்த அந்த அம்மாளின் தம்பி, பஸ் டிரைவர், கடைசியில். சர்வர் அவர்களை ஏழாம் நம்பருக்கு அழைத்துப் போனார். புதிய ஏழு. சமையலறைக் கதவை ஒட்டி, தூணுக்குப் பின்னால் இருந்தது. பழைய ஏழு இப்போது ஒன்பது. அங்கே வயதான கணவன் மனைவி இருவர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் உட்கார்ந்தார். மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றினார். மெத்தை வைத்த நாற்காலி, முதுகுக்குச் சாய்மானம். "அப்பாடா" என்றார். "நல்லா இருக்குங்க. அடுப்பு பக்கத்துலயே இருக்கு. எல்லாம் சூடா வரும்."

"எழுந்திரு" என்றார் சர்வேயர்.

பிறகு நடந்ததை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கே கால் வலிக்கிறது. பன்னிரண்டாம் மேஜைக்குப் போனார்கள். அங்கிருந்து கலங்கரை விளக்கம் பாதிதான் தெரிந்தது, மீதிப் பாதியைத் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. நாலாம் மேஜைக்குப் போனார்கள், அங்கே பூந்தொட்டிகள். அங்கிருந்து எழுந்து, அதே மாடியில் இருந்த மது பார் பக்கம் போய்க் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போட்டிருந்த முதுகில்லாத உயரமான முக்காலிகளில் ஏறிக் குந்தினார்கள்; கடல் தெரிந்தது, ஆனால் துறைமுக வாய் இடது பக்கம் நழுவிவிட்டதாம். முதல் மேஜையில் கேட்ட சூப்பைச் சர்வர் இரண்டாவது மேஜைக்கு எடுத்து வந்து, மூன்றாவதுக்குத் தூக்கி, கடைசியில் முக்காலிக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது அதன் மேல் ஆடை படிந்திருந்தது. அந்த அம்மாள் முக்காலியில் கால் தொங்க உட்கார்ந்து அந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினார். தம்பிக்காரர் பூங்கொத்தை ஒரு கக்கத்திலும் தன் சூப்பை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

"அத்தான், எங்கயாவது ஒரு இடத்துல உட்காந்துடலாமே. அக்காவுக்குக் கால்..."

"அவளுக்காகத்தானேப்பா இவ்வளவு அலைச்சல்" என்றார் சர்வேயர். அதை நம்பியும்தான் சொன்னார். இந்த ரகத்தோடு மல்லுக்கட்ட முடியாததற்குக் காரணமே இதுதான்.

பிறகு அவர் ஒன்பதாம் மேஜையை முற்றுகையிட்டார். அதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு கை தூரத்தில் நிற்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், வானத்தைப் பார்க்க வேண்டும், தொண்டையைச் செரும வேண்டும். தன்னுடையதல்லாத மேஜையிலிருந்து காலியான கோப்பையை எடுக்கச் சொல்லிச் சர்வருக்குச் சைகை காட்ட வேண்டும். கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"உட்காரணுமா? தாராளமா வாங்க, நாற்காலி இழுத்துப் போட்டுக்குங்க. நாங்க ரெண்டு பேர்தானே."

அந்த அம்மாள் முக்காலியிலிருந்து இறங்கவே இறங்கிவிட்டார். சர்வேயர் கையைக் காட்டித் தடுத்தார். "இல்லல்ல, நீங்க முடிங்க, நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, மகளிடம் குனிந்து, "நடுவுல அவங்க ரெண்டு பேரும் உட்காந்திருந்தா போட்டோ என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

சூரியன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அது தன் பாட்டுக்கு இறங்கிப் போனது.

இறங்கிய கால் இறங்கியபடியே அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"என்னங்க, நான் கீழ போறேன்."

"கீழ என்ன இருக்கு?"

"சோறு."

கிடங்கின் அடியில், லோடு ஏற்றுகிறவர்களும் வண்டிக்காரர்களும் சாப்பிடுகிற ஒரு தகரக் கொட்டகைக் கடை. வரும்போது அதைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள். அங்கிருந்து என்ன தெரியும்? கிடங்கின் சுவர் தெரியும்.

"சுவரைப் பாத்துக்கிட்டா சாப்பிடப் போற, அதுவும் இன்னிக்கு?"

"முப்பத்தோரு வருஷமா ஆபரேஷன் லைட்டைப் பாத்துக்கிட்டு நின்னேன். சுவரைப் பாத்துக்கிட்டு உட்காந்தா ஒண்ணும் கொறஞ்சுடாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவருக்கு உறைத்திருக்கும். மகள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். தம்பி பூங்கொத்தை முக்காலியில் வைத்துவிட்டு அக்காவுக்குத் தோள் கொடுத்தார்.

"அஞ்சே நிமிஷம். அவங்க எழுந்திருக்கப் போறாங்க" என்றார் சர்வேயர்.

"நீங்க இடம் புடிங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் படியிறங்கினார்.

சர்வேயர் சொன்னது பலித்தது. ஐந்தாவது நிமிஷம் கிழவர் எழுந்தார். கிழவியின் கோப்பை மேஜையை விட்டுப் போவதற்குள் சர்வேயர் நாற்காலியில் இருந்தார். எதிர் நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டார். பக்கத்து நாற்காலியில் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்தார். மூன்றாவது நாற்காலியில் பூங்கொத்தை உட்கார வைத்தார். போனை எடுத்தார்.

"கெடைச்சிடுச்சு. முழுசா தெரியுது. எல்லாரும் மேல வாங்க."

மறுமுனையில் ஒரே தட்டுச் சத்தம். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கோங்க. சூடா இருக்கு. பெஞ்சுல ஒரு ஆளுக்கு இடம் விட்டு வச்சிருக்கேன். நீங்களும் வாங்களேன்."

அவருக்கும் பசிதான். வயிறு கூப்பிடத்தான் செய்தது. அவர் எழுந்திருக்கக்கூடப் பார்த்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

"டேபிள் போயிடுமே" என்றார்.

போட்டோ எடுக்க எதிரில் யாரும் இல்லாததால், பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார். கடல் கறுத்துவிட்டது. கலங்கரை விளக்கம் ஒரு புள்ளி. அந்த மேஜையிலிருந்து தெளிவாகத் தெரிந்த ஒரே காட்சி நேர் கீழே, தகரக் கொட்டகையின் வாசல் பெஞ்சு. அதில் அவர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் பெஞ்சின் மேல் மடித்துப் போட்டு உட்கார்ந்து, வாய் நிறையச் சோற்றோடு தம்பி சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் காலியாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு வண்டிக்காரர் தட்டோடு வந்து என்னவோ கேட்டார். அந்த அம்மாள் ஒரு தரம் மாடியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் கொடுத்தார்.

"சார், இந்த நாற்காலி எல்லாம் காலியா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"இல்ல. ஆள் வர்றாங்க" என்றார் ஏழாம் நம்பர்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாசித்தும் காட்டுங்கள். ஆனால் ஒன்று. அந்த அம்மாள் ஆசைப்பட்ட மூன்றும் என்னென்ன என்று இப்போது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வீர்கள். கலங்கரை விளக்கமும் துறைமுக வாயும் சூரியனும் ஒரே கோட்டில் வருகிற மேஜைக்குப் புதிய நம்பர் என்ன என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வீர்கள்.